கீழ்க்கணக்குக்கு ஒரு பிள்ளைவண்டி

குளவிமலைத் தோட்டத்தை வெள்ளைக்காரக் கம்பெனியிடமிருந்து அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, பதுளையிலிருந்து தோட்டப் பொதுச்சொத்துச் சபையார் ஒன்பது பேர் வந்து, இருபத்தொரு நாள் தங்கி, தோட்டத்திலிருந்த எல்லாவற்றையும் எண்ணினார்கள். தேயிலைச் செடிகளை எண்ணினார்கள். நடுவில் யாராவது தும்மிவிட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள். பங்களாக் கோழிகளைக் காலையில் எண்ணிவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு அந்த எண்ணிக்கையைத் திருத்தினார்கள். இருபத்தோராம் நாள், பங்களாக் கராஜின் மூலையில் சாக்குகளுக்கு அடியில், போன துரைசாணி விட்டுப்போன பிள்ளைவண்டி ஒன்று அகப்பட்டது. மடக்கி விரிக்கிற கறுப்புக் கூடு, நாலு பெரிய சக்கரம், முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் கைப்பிடி. இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஒரு பகல் முழுக்க வாதாடினார்கள். கடைசியில், சக்கரம் இருப்பதை யாரும் மறுக்க முடியாத காரணத்தால், 'வாகனங்கள்' என்ற தலைப்பில், லொறிக்கும் உழவு மெஷினுக்கும் நடுவே எழுதினார்கள்: நாலு சக்கர வாகனம், எஞ்சின் இல்லை, ஒன்று.

அடுத்த ஆண்டறிக்கையில், வருஷம் முழுக்க ஒரு சொட்டுப் பெற்றோல் குடிக்காமலும் ஒருமுறைகூடப் பழுதாகாமலும் இருந்த ஒரே வாகனம் என்று அதற்குப் பாராட்டு வந்தது. அதைப் பார்த்துத் திருந்தும்படி லொறி ட்ரைவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வீரய்யாவுக்கு இந்தப் பெருமைகள் எதுவும் தெரியாது. கராஜ் பக்கத்து மழைநீர்க் கானை வெட்டிவிடப் போனபோது அந்த வண்டியைப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். பார்த்ததை வீட்டில் சொல்லவுமில்லை. அவனுக்கும் ரெங்கம்மாவுக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அப்போதுதான் அவள் உண்டாகியிருந்தாள். பிறக்காத பிள்ளைக்கு ஒரு துணியைக்கூட எடுத்து வைக்கக்கூடாது என்பது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வழக்கம். பதினோரு வருஷம் காத்திருந்தவள் அந்த வழக்கத்தை மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடவே காத்தாள். பக்கத்துக் காம்பராக்காரி பழைய சேலையைக் கிழித்துத் தொட்டிலுக்கு வைத்துக்கொள் என்று கொடுத்தபோது, "ஒங்க வீட்டுலயே இருக்கட்டும் அக்கா, நான் கேக்குறப்ப குடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஐப்பசி மழையோடு பிள்ளை பிறந்தது. பெண். மூணே முக்கால் இறாத்தல். பவளம் என்று பேர் வைத்தார்கள். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா பிள்ளையைத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வீரய்யா, கேட்டுக்க. ஒரு வருஷத்துக்கு ஒவ்வொரு புதன்கிழமையும் இந்தப் புள்ள இங்க வரணும். நிறுக்கணும், மருந்து குடுக்கணும், நெஞ்சப் பாக்கணும். ஒரு புதனும் தவறப்படாது. மழை படப்படாது. படுத்த வாக்குல வரணும். தவறாம வந்துச்சின்னா பொழச்சுக்கும்."

வரணும் என்று சொல்வது சுலபம். ஆஸ்பத்திரி தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், வீரய்யாவின் லயம் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில். நடுவே நாலு மைல் கரத்தை ரோட்டு. முதல் இரண்டு புதனும் வீரய்யாவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான். இரண்டு நாளும் பேர் விழவில்லை, கூலியும் இல்லை. மூன்றாவது நாளும் வராவிட்டால் பேரையே வெட்டிவிடுவதாக ஆபீஸிலிருந்து துண்டு வந்தது. பேரை வெட்டினால் குடியிருக்கிற காம்பராவும் போய்விடும். ரெங்கம்மாவுக்கோ, மூன்று வருஷத்துக்கு முன்னே கொழுந்து மலையில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலது இடுப்பு சரியில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாள். மூன்றாவது புதன் அவளே போனாள். பாலத்தடியில் கால் இழுத்துக்கொண்டது. அவள் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். நல்லவேளையாகப் பிள்ளை தேயிலைச் செடிமேல் விழுந்து, அழக்கூடச் செய்யாமல் கிடந்தது. ரெங்கம்மா அதை எடுத்துக்கொண்டு அங்கிருந்தே திரும்பிவிட்டாள்.

அன்றைக்குத்தான் வீரய்யா அந்த வண்டியைப் பற்றிச் சொன்னான்.

"அதப் புடிச்சுக்கிட்டு நடந்தா ஒனக்கும் ஊன்றமாதிரி இருக்கும். புள்ளைக்கும் படுத்த வாக்கு. மேல கூடு இருக்கு, மழையும் படாது."

"சும்மா கெடக்குதா?"

"சாக்குக்கு அடியில கெடக்கு."

"அப்ப கேட்டா குடுத்துருவாங்கல்ல" என்றாள் ரெங்கம்மா. அவள் ஆபீஸுக்குப் போனதில்லை.

பெரிய கிளாக்கர் சிவஞானம் வீரய்யாவை முழுசாகச் சொல்லவிட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல. முறை என்று ஒன்று இருக்கிறதே என்று வாழ்நாள் முழுக்கக் கவலைப்பட்டே தலைமயிர் கொட்டியவர்.

"வாகனம் கேட்கிறாய். வாகனம் கேட்கிற ஆள் ஆறு மாசத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேணும்."

"ஐயா, ஆறு மாசத்துக்கு முன்ன புள்ள இல்லீங்க."

"அது உன்னுடைய குறை. விண்ணப்பத்தோடு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் இணைக்க வேணும்."

"ஆறு மாசத்துக்கு முன்னயேங்களா?"

"ஆறு மாசத்துக்கு முன்பே." சிவஞானம் சிறிது யோசித்தார். "இதுவரை யாரும் அப்படிக் கொடுத்ததில்லைதான். ஆனால் விதியைக் குறை சொல்லக்கூடாது. ஆட்கள்தான் சரியாகப் பிறக்க மாட்டேன் என்கிறார்கள்."

இருந்தாலும் மனிதர் இரக்கப்பட்டு, பிந்திய விண்ணப்பம் என்று தலையில் எழுதி, பதினான்கு பக்கப் படிவத்தை நிரப்பத் தொடங்கினார். ஓட்டுநர் பெயர்: ரெங்கம்மா. ஓட்டுநர் அனுபவம்: இல்லை. கடைசியாக நேர்ந்த விபத்து: பாலத்தடி, வாகனம் இல்லாமல். பிரயாணியின் பெயர்: பவளம். பிரயாணியின் நாடு என்ற இடத்தில் பேனா நின்றது.

"பிரஜாவுரிமைக்கு நீ எந்த நாட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறாய்?"

"இந்தியாவுக்குங்க. பதினோரு வருசமாச்சு. பதில் வரலீங்க."

"அப்போ பிள்ளை எந்த நாடு?"

"கீழ்க்கணக்குங்க" என்றான் வீரய்யா.

இந்தப் பதில் சபையை இரண்டு வாரம் ஆட்டிவைத்தது. இலங்கையின் பொதுச்சொத்தில், நாடு முடிவாகாத ஆள் ஒருவர் படுத்துக்கொண்டு நாலு மைல் போவதா? போகும் வழியில் முடிவாகிவிட்டால் என்ன செய்வது? ஓர் அங்கத்தவர், பிள்ளை இந்தியப் பிரஜை என்று அறிவிக்கப்படும் நிமிஷத்திலேயே ரெங்கம்மா அதை இறக்கி ரோட்டோரத்தில் வைத்துவிட வேண்டும் என்று நிபந்தனை போடலாம் என்றார். இன்னொருவர், அது மனிதாபிமானம் இல்லை, கம்பளி ஒன்றை விரித்து வைக்க வேண்டும் என்றார். இரண்டாமவரின் திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது.

நாலாவது புதன் பக்கத்துக் காம்பராக்காரி அரைப்பேரை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிப் போனாள். கால் இறாத்தல் ஏறியிருந்தது. ரெங்கம்மா அதை லயத்தில் எல்லாக் காம்பராவுக்கும் போய்ச் சொன்னாள்.

அடுத்து விலைமனு வந்தது. சபை எதை எடுத்தாலும் மூன்றைப் பார்த்து ஒன்றைத் தெரிவு செய்யவேண்டும் என்பது விதி. "நம்மகிட்ட இருக்கிறதே ஒண்ணுதானேங்க" என்றான் வீரய்யா. "அதனால்தான் மற்ற இரண்டையும் நீ கொண்டுவர வேணும்" என்றார் சிவஞானம்.

ஆகவே வீரய்யா இன்னொரு நாள் பேரை இழந்து, பஸ்ஸேறிப் பதுளைக்குப் போனான். கடைவீதியில் மர்ஸூக் நானாவின் கடையில்தான் பிள்ளைச் சாமான்கள் விற்பார்கள் என்று கேள்வி. இறக்குமதியெல்லாம் நிறுத்தியிருந்த காலம். கண்ணாடி அலுமாரிக்குள் சூப்பிப் போத்தல் ஒன்றும், அதன் பக்கத்தில் 'தொடவேண்டாம்' என்ற அட்டையும் இருந்தன.

"பிள்ளைவண்டியா?" மர்ஸூக் நானா சிரித்தார். "தம்பி, என்ட மகள் பிள்ளைக்கே நான் வெங்காயப் பெட்டிக்குச் சக்கரம் பூட்டித்தான் குடுத்தேன். உங்களுக்கு வண்டி வேணுமா, வண்டி இல்லண்டு கடிதாசி வேணுமா?"

"வண்டி ரெண்டு கெடைக்காட்டி மூணு கடைக் கடுதாசி வேணுமாம் நானா."

"அது செல்லுங்க. வண்டிதான் இல்ல, கடிதாசி எவ்வளவும் ஈக்கி."

தன் கடை பேரில் ஒன்று, தம்பி கடை பேரில் ஒன்று, மச்சான் கடை பேரில் ஒன்று என்று மூன்று கடிதம் எழுதிக் கொடுத்தார். மூன்றிலும் பிள்ளைவண்டி இல்லை. பிள்ளை எப்படி என்று கேட்டார். வீரய்யா உள்ளங்கை இரண்டையும் சேர்த்து நீட்டி, "இம்புட்டுத்தான் நானா" என்றான். மர்ஸூக் நானா அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு சின்னக் கம்பளித் தொப்பியை மடித்து அவற்றுக்குள் வைத்தார்.

சபை மூன்று 'இல்லை'களையும் மேசைமேல் பரப்பி ஒப்பிட்டது. மச்சான் கடையின் 'இல்லை' மிகத் தெளிவாக இருந்ததாக இரண்டு அங்கத்தவர்கள் கருதினார்கள். பிறகு, விதி முழுமையாவதற்காக, பொருள் வடிவத்திலும் மூன்றைப் பார்க்கத் தீர்மானித்து, துரைசாணி வண்டி, பங்களாவின் மண் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டி, ஃபெக்டரியின் தேயிலைப் பெட்டி வண்டி ஆகியவற்றைப் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பிள்ளைக்குப் பதிலாக ஒவ்வொன்றிலும் நாலு இறாத்தல் தேயிலைத் தூளைப் படுக்கவைத்துத் தள்ளிப் பார்த்தார்கள். மண்வண்டியில் தூள் கொட்டிப்போனது. பெட்டிவண்டியில் தூள் காணாமல் போனது. அதற்குத் தனி விசாரணை வந்தது. துரைசாணி வண்டியில் தூள் அசையாமல் தூங்கியது. ஓரமாக நின்று பார்த்த வீரய்யாவுக்கு, ஓடிப்போய் வண்டியைத் தள்ளிக்கொண்டே லயத்துக்கு இறங்கிவிடலாமா என்று இருந்தது. தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறினான்.

வண்டி தெரிவாகியது. ஆனால் வாகனம் என்றால் அதற்குரிய பிரயாணச் சாமான்கள் வேண்டாமா? அதற்கு ஓர் உபகுழு. அது ஐந்து முறை கூடியது. மழைக்கு ரப்பர் சீட்டு, இருட்டினால் லாந்தர், வளைவில் அடிக்க மணி, பின்னால் வரும் லொறிக்குக் காட்டச் சிவப்புக் கொடி, சறுக்கினால் சக்கரத்துக்குப் போட மரக்கட்டை நாலு, நெருப்புப் பிடித்தால் அணைக்க மண் வாளி இரண்டு, பிரயாணக் குறிப்பெழுத ஒரு பெரிய கொப்பி. எல்லாவற்றையும் ஏற்றிப் பார்த்தபோது வண்டிக்குள் இடம் இல்லை. உபகுழு நிலைமையை ஆராய்ந்து ஒரு பரிந்துரை எழுதியது: சாமான்கள் வண்டியில் வரட்டும், பிள்ளையைத் தாய் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடக்கலாம்.

இதை வாசித்துக் காட்டிவிட்டுச் சிவஞானம் கோப்பை மூடினார். "மேன்முறையீடு செய்யலாம்" என்று மெதுவாகச் சொன்னார்.

"அதுக்கு எத்தன புதன் ஆகுங்க?" என்றான் வீரய்யா.

அவனுக்குக் காலம் இப்போது அப்படித்தான் ஓடியது. ஐந்தாம் புதன் மழை, போகவில்லை. ஆறாம் புதன் லயத்துப் பெண்கள் மாறி மாறித் தூக்கிப்போனார்கள். ஏறிய கால் இறாத்தல் இறங்கியிருந்தது. ஏழாம் புதன் கங்காணி யாரையும் விடவில்லை. எட்டாம் புதன் மார்கழி மழை மண்ணையும் சேர்த்து ஊற்றியது. ரெங்கம்மா பிள்ளையைக் கம்பளியில் சுற்றி, தொப்பி போட்டு, சாய்ந்து சாய்ந்து நடந்து, பாலம் வரைக்கும் போனாள். பாலத்துக்கு மேலே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மத்தியானம் வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். அன்றைக்குப் பதுளையில் மேன்முறையீட்டை விசாரிக்கும் கூட்டம், அங்கத்தவர் ஒருவருக்குத் தும்மல், தடிமன் என்பதால் ஒத்திவைக்கப்பட்டது.

வியாழக்கிழமை காலை, பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற நேரத்தில், பவளத்தின் மூச்சு நின்றது.

வீரய்யா அன்று பெரட்டுக்குப் போகவில்லை. அதற்காக யாரும் துண்டு அனுப்பவுமில்லை. வீட்டில் சாவு விழுந்தால் ஒரு நாள் லீவு என்று விதியில் இருந்தது. பிள்ளையைத் தூக்கிப் போவதற்குத்தான் விதியில் எதுவும் இல்லை.

மாசியில் ஒரு நாள் வீரய்யாவையும் ரெங்கம்மாவையும் பெரட்டுக் களத்துக்கு வரச் சொன்னார்கள். போனால், வாழைமரம் கட்டி, மேசைக்கு வெள்ளைத்துணி விரித்து, நடுவில் துரைசாணி வண்டி மாலையோடு நின்றது. மேன்முறையீட்டில், மணியைத் தவிர மற்றச் சாமான்களை நீக்கி வண்டிக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள்; அதை வழங்கப் பதுளையிலிருந்து உதவிப் பணிப்பாளர் வந்திருந்தார். பக்கத்தில் படம் பிடிக்கிறவர். தோட்டத்து ஆட்களெல்லாம் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. உதவிப் பணிப்பாளர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

"தோழர்களே, வெள்ளைக்காரன் தன் காலத்தில் இந்த வண்டியை ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்திருப்பான். ஏன்? அவனிடம் முறை இல்லை. நாங்கள் நாலு மாதம் எடுத்துக்கொண்டோம். எழுபத்தொரு கடிதம் எழுதினோம். பன்னிரண்டு கூட்டம் கூடினோம். ஒவ்வொரு கூட்டத்திலும் நான் சொன்னேன், அவசரப்படாதீர்கள், அவசரப்பட்டால் தவறு நேரும் என்று. பிள்ளைகள் வரும், வளரும், போகும். கோப்பு நிற்கும். இன்று இந்தக் கோப்பில் ஒரு தவறு காட்டுங்கள் பார்க்கலாம்."

கைதட்டச் சொல்லிக் கங்காணி சைகை காட்டினார். இரண்டு பேர் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

"எங்கே பிள்ளை? வண்டியில் போடுங்கள், படம் எடுக்க வேணும்."

வீரய்யா தலைத்துண்டைக் கையில் எடுத்தான். "புள்ள இல்லீங்க."

"வீட்டில் விட்டுட்டு வந்துட்டியா?"

"இல்லீங்க. மார்கழியில போயிருச்சுங்க."

உதவிப் பணிப்பாளர் சிவஞானத்தின் பக்கம் குனிந்தார். "உமக்குத் தெரியாதா?"

"தெரியும் சேர். மரணத்தை நான்தான் பதிந்தேன்." சிவஞானம் நிலத்தைப் பார்த்தார். "அது வேறு கோப்பு."

"இப்போது இதை நிறுத்தலாமா?"

"அனுமதி வீரய்யா பேரில் சேர். பிள்ளை காரணம் மட்டும். காரணம் இல்லாமல் போனால் அனுமதி இல்லாமல் போகும் என்று எங்கேயும் எழுதியில்லை. நிறுத்தினால் ஏன் நிறுத்தினோம் என்று கணக்குப் பார்க்கிற ஓடிட்டில் கேட்பார்கள்."

"அப்ப கையெழுத்தை வாங்கும்."

வீரய்யா பெருவிரலை மையில் தோய்த்து வைத்தான். உதவிப் பணிப்பாளர் வெறும் வண்டியின் கைப்பிடியைத் தானே பிடித்து நின்று, இரண்டு படம் எடுத்துக்கொண்டு போனார்.

வண்டியை என்ன செய்வது என்று வீரய்யாவுக்குத் தெரியவில்லை. காம்பராவுக்குள் வைத்தால் படுக்க இடமில்லை. கண்ணுக்குத் தெரியாமல் கோழிக்கூட்டுக்குப் பின்னால் தள்ளி வைத்தான். ஆனால் வந்த புதன்கிழமை அவன் பெரட்டுக்குப் போன பிறகு ரெங்கம்மா அதை வெளியே எடுத்துத் துடைத்தாள். பக்கத்துக் காம்பராக்காரியின் கடைசிப் பிள்ளைக்கு நாலு நாளாக இருமல். மலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவளிடம், "அக்கா, குடுங்க. நிறுத்துட்டு, மருந்து வாங்கிட்டு வந்துர்றேன்" என்றாள். அவள் கொடுத்தாள். கைப்பிடியை ஊன்றிக்கொண்டு, நாலு மைல் ஏறி, நாலு மைல் இறங்கி வந்தாள் ரெங்கம்மா. எங்கும் விழவில்லை.

அடுத்த புதன் இரண்டு பிள்ளை. அதற்கடுத்த புதன் மூன்று, கொழுந்து நிரையில் நிற்கிற தாய்மாரின் பிள்ளைகள், காலும் தலையுமாக மாற்றிப் படுக்கவைத்து.

நாலாவது புதன் முடிந்து மறுநாள் ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. வீரய்யாவும் ரெங்கம்மாவும் போனார்கள். சிவஞானம் குற்றப் பத்திரத்தை வாசித்தார். முதற்பிள்ளைக்கென வழங்கப்பட்ட வாகனத்தில் பிறருடைய மூன்றாம், நான்காம், ஆறாம் பிள்ளைகளை ஏற்றியமை. ஒருவருக்கான வாகனத்தில் மூவரை ஏற்றியமை. மணி அடிக்காமல் வளைவில் திரும்பியமை. மூன்று நாளில் காரணம் காட்டாவிட்டால் வண்டி பறிமுதலாகும்.

வீரய்யா தலைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனிடம் காரணம் எதுவும் இல்லை.

"எழுதுங்கையா" என்றாள் ரெங்கம்மா.

சிவஞானம் பேனாவைத் திறந்தார்.

"டிஸ்பென்சரையா ஒரு வருசத்துக்கு எல்லாப் புதனும் வரணும்னாரு. அம்பத்திரண்டு புதன்னு பின்னால கேட்டுக்கிட்டேன். எம்மக போனது நாலு. மிச்சம் நாப்பத்தெட்டு அவ கணக்குல கெடக்கு. அதுலதான் இதுக போகுதுக. நாலு முடிஞ்சிருச்சு. இன்னும் நாப்பத்துநாலு. அது முடிஞ்சதும் வண்டிய நானே தொடச்சுக் கொண்டாந்து விட்டுர்றேன். அதுவரைக்கும் கேக்க வேணாம்னு எழுதுங்க."

சிவஞானம் ஒரு சொல்லைக்கூட முறைப்படுத்தாமல் எழுதினார். முப்பது வருஷ உத்தியோகத்தில் அப்படி எழுதியது அதுதான் முதல் தடவை.

பதுளையிலிருந்து ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. அதற்குள் இன்னும் ஐந்து புதன் போயிருந்தது. சிவஞானம் வீரய்யாவைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தடியில் பிடித்து வாசித்துக் காட்டினார். விண்ணப்பதாரியின் மகளுக்கு உரித்தாயிருந்த மீதிப் புதன்கிழமைகளை ஏனைய பிள்ளைகளுக்கு மாற்றிக்கொடுப்பதில் சபைக்கு ஆட்சேபனை இல்லை. அரசாங்க விடுமுறை தினங்களில் வரும் புதன்கிழமைகள் மேற்படி கணக்கில் சேர்த்துக்கொள்ளப்படமாட்டா.

அந்திக்கு வீரய்யா வீட்டுக்கு வந்தபோது ரெங்கம்மா சக்கரத்துச் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கடிதத்தில் இருந்ததைச் சொன்னான்.

"லீவு நாளு சேராதுன்னா? கொறைக்கிறாங்களா?"

வீரய்யாவுக்கும் முதலில் அப்படித்தான் பட்டிருந்தது. மலை இறங்கி வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தான்.

"இல்ல. லீவு நாள்ல வர்ற புதன் கணக்குல வராது. அந்தப் புதனுக்குப் பதிலா, கடைசியில இன்னொரு புதன் போகலாம்."

ரெங்கம்மா குச்சியை வைத்துவிட்டு, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"அப்ப, தீவாளி புதன்ல வருதான்னு பாருங்க" என்றாள்.